ஒன்றாம் எண் இரைச்சல்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எந்த இடத்தில் பெரிய 'ற' போடுவது, எந்த இடத்தில் சின்ன 'ர' போடுவது என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம். எட்டாவது வரை படித்த என் மனைவிதான் பக்கம் பக்கமாக வாங்கிப் படித்துப் பிழை திருத்தித் தருகிறாள். சில இடங்களில் பிழையை விட்டுவிட்டு விஷயத்தையே திருத்தப் பார்க்கிறாள். 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாள். சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

நான் எழுத நினைத்தது ஒரு சத்தத்தைப் பற்றி. அது எந்த வாயிலிருந்தும் வந்ததில்லை. ஒரு கம்ப்யூட்டருக்குள் கணக்காகப் பிறந்தது. மொத்தமே சில விநாடிதான். ஆனாலும் அது எங்கள் வீட்டைவிட்டு இன்னும் போகவில்லை.

எங்கள் வீடு திருவிடந்தையில், கோயிலிலிருந்து கடல் பக்கமாக நடந்தால் வரும். கல்யாணம் கூடிவர வேண்டும் என்று கழுத்தில் மாலையோடு கோயிலைச் சுற்றுகிறவர்களைத் தெருமுனையிலிருந்தே பார்க்கலாம். எங்களுக்குக் கல்யாணமாகி, மகள் பிறந்து, அவள் நடக்கத் தொடங்கிய சமயத்தில் என் மனைவிக்குக் காச நோய் வந்தது. செங்கல்பட்டுக்குப் பஸ்ஸில் போய்ப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். ஊசி உயிரைக் காப்பாற்றியது. காதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. அந்த மருந்துக்கு அப்படி ஒரு குணம் உண்டு என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார்கள். யாரையும் குறை சொல்ல இடமில்லை. முதலில் அவளுக்குக் குருவிச் சத்தம் போனது. பிறகு பக்கத்து வீட்டு ரேடியோ. பிறகு நான்.

நான் சத்தமாகப் பேசத் தெரியாதவன். கடையில் நின்றால், மற்றவர்கள் எல்லாரும் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் கடைக்காரர் என்னைப் பார்ப்பார். அப்படிப்பட்டவனுக்குக் காது கேட்காத மனைவி. குழம்பில் உப்பு இல்லை என்று அவளிடம் சொல்ல வேண்டுமானால் தெருவுக்கே சொல்ல வேண்டும். வெட்கமாக இருக்கும். கையால் காட்டுவேன். கையால் காட்ட முடியாததை விட்டுவிடுவேன். இப்படி விட்டு விட்டு எங்கள் வீட்டில் பேச்சே குறைந்துபோனது.

மகளுக்கு அந்த வெட்கம் இல்லை. தொண்டையும் பெரியது. அம்மாவுக்குக் கேட்காது என்று அந்த வயதிலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. முந்தானையைப் பிடித்து இழுப்பாள். அம்மா திரும்பியதும் முகத்துக்கு நேராக 'ம்மா' என்று கத்துவாள். எப்போதும் இழுத்துவிட்டுத்தான் கூப்பிடுவாள்.

அப்போது நான் மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் இருந்தேன். கம்பெனி பஸ்ஸில் போவேன், அதிலேயே வருவேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பகல். வீட்டுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு இருந்தது. கன்றுகளுக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றுவதற்காக அங்கே மணலில் ஒரு குட்டை தோண்டியிருந்தார்கள். மகள் அதில் விழுந்துவிட்டாள். என் மனைவி பின்வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முதுகு தோப்புப் பக்கம். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான், காது உள்ளவர்களுக்கு. அந்த நேரத்தில் தோப்பில் வேறு யாரும் இல்லை.

அதனால் மகள் கூப்பிட்டாளா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது.

என் மனைவி அதை ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாரும் போன பிறகு, "கூப்ட்டிருக்குமாய்யா?" என்றாள். நான் கையால் இல்லை என்று காட்டினேன். நான் அன்றைக்கு அந்த இடத்திலேயே இல்லை என்பது அவளுக்கும் தெரியும். என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போனாள். அதன் பிறகு கேட்கவில்லை. ஆனால் பின்வாசலில் உட்காரும்போது தோப்பைப் பார்த்தபடிதான் உட்காருவாள். தோப்பை வெட்டி, குட்டையை மண் கொட்டி மூடி, அந்த இடத்தில் ரிசார்ட்டின் சுற்றுச்சுவர் எழும்பிய பிறகும் சுவரைப் பார்த்துதான் உட்கார்ந்தாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு இந்தப் பக்கமெல்லாம் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்தன. எனக்கு வேலை கிடைத்தது கண்ணாடிக் கட்டடத்தில் இல்லை. முட்டுக்காட்டில், படகுத் துறையைத் தாண்டி, வாடகைக்கு எடுத்த ஒரு பழைய பங்களாவில். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். காது கேட்காதவர்கள் மாட்டிக்கொள்ளும் கருவிக்குள் இருக்கும் சிப்புக்கு சர்க்யூட் வரைவது அவர்கள் வேலை. ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார், ஏசி, டீ, இதெல்லாம் என் வேலை. காதுக் கருவிக் கம்பெனி என்று தெரியாமல்தான் சேர்ந்தேன். தெரிந்த பிறகும் என் மனைவியைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

கண்டுபிடித்தது அங்கே இருந்த இன்ஜினியர் அம்மா. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், முப்பது வயது இருக்கலாம். மற்றவர்களுக்கு நான் வாட்ச்மேன், அவருக்கு அண்ணா. ஒரு நாள் டீ வேண்டுமா என்று நான் கையைக் கவிழ்த்துக் காட்டியபோது சிரித்துவிட்டார்.

"ஏனுங்ணா, உங்களுக்கு வாய்ல பேச்சே வராதுங்களா? சினிமா கொட்டாய்ல டார்ச் அடிக்கிறவராட்டம் எல்லாத்தையும் கையிலயே காட்டறீங்க?"

"வூட்ல பழக்கம் மேடம்."

"வீட்ல ஏன்?"

சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. கழுத்தில் மாட்டக் கயிறு, காதில் வைக்க ஒயர். சோதனைக்காகச் செய்தவை சில இருந்தன. யாராவது வீட்டில் மாட்டிக்கொண்டு நடமாடி, எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சோதனை முடிந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும். "அக்காகிட்ட குடுங்க. பிடிக்கலீன்னா தைரியமா திட்டச் சொல்லுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் அதை அவள் காதில் மாட்டி, குமிழைத் திருப்பினேன். குக்கர் விசில் அடித்தது. துள்ளி எழுந்தாள். பிறகு நான் வழக்கமான குரலில், எனக்கே கேட்டும் கேட்காமலும், "சோறு போடு" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாய்யா, உன் கொரலு இவ்ளோதானா? நான் இத்தினி வருசமா வேற யாருகூடவோ குடித்தனம் பண்ணிகினு கீறேன்னு நெனச்சேன்."

இந்த இடத்தில்தான் அவள் ஓரத்தில் எழுதியிருப்பது.

அந்த வாரம் நாங்கள் பேசியது அதற்கு முன் பல வருஷங்களில் பேசியதைவிட அதிகம். நான் சத்தம் போட வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசலாம். கோயிலுக்கு வரும் மாப்பிள்ளைகளைப் பற்றி, ஆட்டோ கட்டணம் ஏறியதைப் பற்றி. ஒன்றுமில்லாத பேச்சு. 

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரன்ட் போனது. மின்விசிறி நின்றது. தெருவில் எந்த வீட்டிலும் டி.வி. ஓடவில்லை, ஒரு சத்தமும் இல்லை. படுத்திருந்தவள் எழுந்து பின்வாசல் வழியாக வெளியே போனாள். வெகுநேரம் வரவில்லையே என்று போய்ப் பார்த்தால் ரிசார்ட் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள்.

"யாரு கூப்புடறாங்கன்னு தெரிதாய்யா?" என்றாள்.

"யாரும் கூப்புடலயே."

"எல்லாச் சத்தமும் அடங்கனாத்தான் வருது. மெதுவா வந்து, பெருசாயி, அப்டியே அடங்கிடுது. மறுபடியும் வருது. ம்... மா-ன்னு. முன்னயும் ரெண்டு வாட்டி வந்துச்சி. ஒன்கிட்ட சொல்லல."

பெட்டியை வாங்கி என் காதில் வைத்துக்கொண்டேன். உஸ்ஸென்று ஓர் இரைச்சல், தூரத்தில் மழை பெய்வது போல. அது கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது, அடங்கியது, மறுபடி எழும்பியது. எனக்கு அதில் யாருடைய குரலும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பெட்டியை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அதன் பிறகு அவள் மத்தியானத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார ஆரம்பித்தாள். புழுக்கத்தில் வியர்வை வழியும். துடைக்க மாட்டாள், புடவை உரசினால் கருவியில் சத்தம் வரும் என்று. நான் பேசினால் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்வாள். கையால் பேசுவது இப்போது அவள் முறையாகிவிட்டது.

இதை அலுவலகத்தில் சொல்ல எனக்குப் பல நாள் பிடித்தது. ஒரு காலையில் டீயை வைத்துவிட்டுப் போகாமல் நின்றேன். இன்ஜினியர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். மகளைப் பற்றியும் குட்டையைப் பற்றியும் பெட்டியைப் பற்றியும் சொன்னேன். இரைச்சல் எழும்பி அடங்குகிறது என்று சொன்ன இடத்தில் அவர் முகம் பளிச்சென்று ஆனது.

"எழும்பி எழும்பி அடங்குதுங்களா? அதேதான்! இதைத்தானுங்ணா நான் தேடிட்டே..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார். டீயைப் பார்த்தார். 

அப்புறம் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். எந்த சர்க்யூட்டாக இருந்தாலும், வெளியில் ஒரு சத்தமும் இல்லாவிட்டாலும், உள்ளே தானாக ஓர் இரைச்சல் இருக்குமாம். "சூடுன்னு ஒண்ணு இருக்கிற வரைக்கும் உள்ள இருக்கிற எதுவும் சும்மா நிக்காதுங்ணா. நடுங்கிட்டேதான் இருக்கும். தகரத்து மேல மழை விழற மாதிரி. ஒவ்வொரு சொட்டும் எப்ப விழும்னு யாராலயும் சொல்ல முடியாது. எல்லாம் சேர்ந்தா உஸ்ஸுன்னு கேக்கும்." இந்தப் பெட்டியில் இன்னொன்றும் உண்டு. வெளியே அமைதியாகிவிட்டால், மெல்லிய சத்தம்கூடக் கேட்கட்டும் என்று பெட்டி தானாகவே சத்தத்தைக் கூட்டிக்கொள்ளும். கேட்பதற்கு ஒன்றுமில்லாதபோது தன் நடுக்கத்தையே கூட்டிக்கொள்கிறது. அது பெரிதாகிவிட்டது என்று தெரிந்ததும் குறைக்கிறது. பிறகு மறுபடி கூட்டுகிறது. "மூச்சு விடற மாதிரிங்ணா" என்றார்.

வழக்கமான கணக்கில் மொத்தம் எவ்வளவு இரைச்சல் என்று ஒரு எண்தான் வருமாம். அந்த எண் நன்றாகவே இருந்ததால்தான் பெட்டியில் என்ன குறை என்று அவரால் கண்டுபிடிக்க முடியாமல் இருந்ததாம். ஆனால் எந்த நேரத்தில் எழும்புகிறது, எந்த நேரத்தில் அடங்குகிறது என்பது அந்த எண்ணில் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேறு வழி. சர்க்யூட்டின் ஒவ்வொரு உறுப்புக்கும் கம்ப்யூட்டர் பகடை உருட்டும். விழுந்ததை அந்த உறுப்பின் நடுக்கமாக வைத்துக்கொண்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அடுத்த நொடித்துளியில் என்ன ஆகும் என்று பார்க்கும். பிறகு மறுபடி எல்லாவற்றுக்கும் பகடை. இப்படி உருட்டி உருட்டிச் சில விநாடிச் சத்தத்தை உண்டாக்க நாள்கணக்கில் ஓட வேண்டும். நடுவில் கரன்ட் போனால் எல்லாம் வீண்.

"மைக்கைக் கழட்டிட்ட மாதிரி வெச்சு ஓட்டப் போறேங்ணா. உள்ள ஒரு சத்தமும் போகாது. வர்றது எல்லாம் சர்க்யூட்டோட சொந்தச் சத்தம். ஜெனரேட்டரை மட்டும் நீங்க பாத்துக்கோங்க."

பார்த்துக்கொண்டேன். டீசலை முன்கூட்டியே நிரப்பி வைத்தேன். கரன்ட் போகும் நேரமெல்லாம் ஜெனரேட்டர் பக்கத்திலேயே நின்றேன். திரையில் ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருக்கும். எறும்பு வரிசை காற்றில் கலைந்தது போல மேலும் கீழும் நடுங்கியபடி. பெருக்கும் சாக்கில் அந்த அறைக்குப் போய்ப் போய் அதைப் பார்த்தேன். என் மனைவி சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான் என்று எனக்குத் தோன்றும். யாரும் இல்லாத இடத்தில் யாரோ மூச்சு விடுகிறார்கள். நான் அதற்கு டீசல் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஓட்டம் பாதியில் இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது. முதலாளி பக்திமான். எல்லா மிஷினையும் நிறுத்திவிட வேண்டும், பூஜை போட்ட பிறகு மறுநாள் வரை தொடக்கூடாது என்றார்.

"சார், அந்த ஒரு கம்ப்யூட்டர் மட்டும் ஓடட்டும் சார். நாலு நாள் வேலை சார்" என்று இன்ஜினியர் அம்மா கெஞ்சினார்.

"ஏம்மா, வருஷத்துல ஒரு நாள் அதுக்கும் லீவு குடேன். உனக்கே நான் குடுக்கறதில்ல, அதுக்காவது கிடைக்கட்டும்" என்றார் முதலாளி. எல்லாரும் சிரித்தார்கள். நின்றுவிட்டது.

நான் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். அந்தக் கம்ப்யூட்டருக்கு வைக்கும்போது மட்டும் கை தயங்கியது. ஜெனரேட்டருக்கு மாலை போட்டோம். வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். பொரி கடலை கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

விஜயதசமியன்று அவர் முதலிலிருந்து ஓட்ட ஆரம்பித்தார். அது முடிந்த அன்று என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். பூஜைக்கு முன் ஓடிய பாதிக் கோடு பச்சை நிறத்தில். புதிதாக ஓடியது சிவப்பு. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது பச்சையைக் காணோம். ஒரு மயிரிழைகூட விலகவில்லை.

நான் பயந்துபோனேன். கடற்கரையில் வளர்ந்தவன் நான். ஒரு அலை மாதிரி இன்னொரு அலை வந்து பார்த்ததில்லை.

"மேடம், மழ மாரின்னு சொன்னீங்களே. போன வருசம் பேஞ்ச மழ அதே சொட்டா மறுபடி பேயுமா?"

"இது நெஜ மழை இல்லீங்ணா. பகடைக்கு ஆரம்பத்துல ஒரு நம்பர் குடுக்கோணும். நான் ஒண்ணுன்னு குடுத்தேன். அதே நம்பர் குடுத்தா பகடை அதே வரிசைலதான் விழும். எத்தனை தடவ ஓட்டுனாலும் அதேதான். ரெண்டுன்னு குடுத்தா வேற இரைச்சல்."

அடுத்து இரண்டு, மூன்று என்று கொடுத்தும் ஓட்டினார். தீபாவளிக்குப் பிறகு எல்லாவற்றையும் காதால் கேட்கிற மாதிரி மாற்றிவிட்டு, "அக்காவைக் கூட்டிட்டு வாங்க. இது எங்க பெட்டி பண்ற வேலைன்னு அவங்களே கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும். இல்லீன்னா அந்தச் சுவத்துகிட்டயே உக்காந்துட்டிருப்பாங்க" என்றார். எனக்கும் அதுதான் நல்லது என்று பட்டது.

என் மனைவி கல்யாணப் புடவை கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் என்னோடு வந்தாள். ஏசி அறையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இன்ஜினியர் அம்மா அவள் தலையில் பெரிய ஹெட்போனை மாட்டி, சத்தத்தைக் கூட்டி, ஒன்றாம் எண்ணைப் போட்டார். எங்களுக்கு ஒன்றும் கேட்காது. திரையில் கோடு ஓடுவது மட்டும் தெரியும். கோடு மூன்றாவது விநாடியைத் தாண்டும்போது என் மனைவி விரலை உயர்த்தினாள்.

"தோ. கூப்புடுது."

இன்ஜினியர் அம்மா என்னைப் பார்த்தார்.

"எங்கம்மா புடிச்சிங்க இத?" என்றாள் என் மனைவி.

"எங்கயும் பிடிக்கலீங்க்கா. இதுக்கு மைக்கே கிடையாது. கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு உண்டாக்குனது."

என் மனைவி சிரித்தாள். "கம்ப்யூட்டருக்கு எம் பொண்ணு கூப்புடறது எப்டிம்மா தெரியும்?"

அவர் இரண்டாம் எண்ணைப் போட்டார். என் மனைவி கண்ணை மூடிக் கடைசி வரை கேட்டாள். "இதுல இல்ல. இது சும்மா காத்து." மூன்றாம் எண்ணைப் போட்டார். "இதுலயும் இல்ல." பிறகு எதைப் போடுகிறேன் என்று சொல்லாமல், திரையையும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, மறுபடி ஒன்றாம் எண்ணைப் போட்டார். விரல் உயர்ந்தது. அதே இடத்தில்.



நான் டீ போடப் போனபோது இன்ஜினியர் அம்மா பின்னாலேயே வந்தார். "அதே சத்தத்தைப் போட்டா அதே இடத்துலதான் தோணும்ங்ணா. அதுல ஒண்ணும் அதிசயமில்ல" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே இன்னொரு தடவையும் அதைச் சொன்னார். கையில் வாங்கிய டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டார்.

திரும்பும்போது ஆட்டோவில் என் மனைவி நிம்மதியாக இருந்தாள். "பாத்தியாய்யா. இருக்கற எடத்துலதான் இருக்குது. இல்லாத எடத்துல இல்ல." யாரும் கூப்பிடவில்லை என்று காட்டக் கூட்டிப்போனோம். கூப்பிட்டதற்கு அவள் சாட்சியோடு திரும்பினாள். அவள் கேட்ட கேள்விக்கு என் கை சொன்ன பதில் பொய் என்று அன்றைக்கு அவளுக்கு உறுதியானது. அவள் அதற்காக என்மேல் கோபப்படவில்லை. எனக்குத்தான் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சர்க்யூட்டைத் திருத்தினார்கள். மூச்சு விடுவது நின்றது. புதுப் பெட்டி வந்தது, பழையதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். என் மனைவி தானே வந்து கொடுத்தாள். இன்ஜினியர் அம்மா தயங்கித் தயங்கி, "அக்கா, வேணும்னா அந்த ஒண்ணாம் நம்பரை சி.டி.ல போட்டுத் தரேங்க்கா" என்றார்.

"வேணாம்மா. வூட்ல வெச்சிகினு கொயந்தய தெனம் கூப்புட வெக்கறதா? அதுக்கு தொண்ட வலிக்கும்." வாசல் வரை போய்த் திரும்பி, "ஆனா அழிச்சிடாதம்மா" என்றாள்.

"அழிச்சாலும் போகாதுங்க்கா. அந்த சர்க்யூட்டுக்கு ஒண்ணுன்னு குடுத்தா எப்ப வேணாலும் அப்படியே வரும்."

என் மனைவிக்கு அது போதுமாக இருந்தது. மகளுக்கு ஒரு விலாசம் கிடைத்த மாதிரி. எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், அதனால் இன்றைக்கே போக வேண்டியதில்லை. புதுப் பெட்டியை மாட்டிக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பிறகு உள்ளே வந்தாள். "ஒண்ணும் இல்லய்யா. கடல்தான் கேக்குது" என்றாள். மின்விசிறியைப் போட்டுவிட்டுப் படுத்தாள். தூங்கினாள். அப்படித் தூங்கி நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

இதுவரை எழுதிய பக்கங்களை அவள் படித்துத் திருத்திவிட்டாள். இனி வருவதை அவள் இன்னும் படிக்கவில்லை.

போன வருஷம் கம்பெனி பெங்களூருக்குப் போனது. சாமான்களை அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு ஒரு கேள்வி இருந்தது. வழக்கம்போல எல்லாரும் போகும்வரை நின்று கடைசியில் கேட்டேன்.

"மேடம், அங்க போயும் ஒண்ணுன்னு குடுத்தா அது வருமா?"

அவர் கட்டிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். உடனே புரிந்துகொண்டார். "இல்லீங்ணா. பழைய சர்க்யூட்டை யாரும் எடுத்து வெக்கல. சத்தத்தைப் போட்டு வெச்சிருந்த டிஸ்க்கும் கெட்டுப்போச்சு. சாஃப்ட்வேரும் புதுசு, அது பகடை உருட்டற விதமே வேற. ஒண்ணுன்னு குடுத்தா இப்ப வேற ஏதோ வரும்." பிறகு, "அக்காகிட்டச் சொல்லாதீங்க" என்றார். உடனே, "இல்ல, சொல்லிருங்க" என்றார். எது சரி என்று அவருக்கும் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார்.

ஆக, அது எங்கேயும் இல்லை. என் காதில் மட்டும் இருக்கிறது. இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. டிஸ்க் கெடுவதற்கு முன், அலுவலகத்தைச் சுத்தம் செய்யும்போது, ஒன்றாம் எண்ணைப் பலமுறை ஹெட்போனில் போட்டுக் கேட்டிருக்கிறேன். இன்ஜினியர் அம்மாதான் எப்படிப் போடுவது என்று காட்டிக்கொடுத்தார். என் மனைவிக்குக் கேட்டது எனக்கும் கேட்குமா என்று பார்க்கத்தான். ஒரு தடவையும் கேட்கவில்லை. உஸ்ஸென்ற இரைச்சல் எழும்பும், அடங்கும், அவ்வளவுதான். ஆனால் அதன் ஏற்ற இறக்கம் எல்லாம் மனப்பாடமாகிவிட்டது.

இப்போது நான் வேலை பார்ப்பது இன்னொரு இடத்தில், அங்கேயும் ஜெனரேட்டர்தான். கரன்ட் வந்து ஜெனரேட்டரை நிறுத்துவேன். அது தடதடவென்று குறைந்து, ஒரு தடவை குலுங்கி, நிற்கும். அதற்குப் பிறகு வரும் அமைதியில் அது ஆரம்பிக்கிறது. மெதுவாக வருகிறது, பெரிதாகிறது. எனக்கு நல்ல காது. அது என்ன என்று எனக்குத் தெரியும், சூடும் நடுக்கமும் பகடையும். மைக் இல்லாத இடத்திலிருந்து வந்தது என்றும் தெரியும். மூன்றாவது விநாடியில் மகள் கூப்பிடுகிறாள். அதற்குச் சற்று முன்னால் என் சட்டையின் ஓரத்தை யாரோ இழுக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் டீசல் டிரம் இருக்கிறது.

என் மனைவியிடம் வாயால் சொல்லலாம். இப்போது அவளுக்குக் கேட்கும். பல தடவை பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஆட்டோ கட்டணத்தைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வந்தேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஒன்றாம் எண் இனி வராது. அதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் கையால் சொன்ன பதிலுக்குப் பதிலாக: கூப்பிட்டாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இப்போது எனக்கும் கேட்கிறது.

இன்றைக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகும் வண்டிகள் நிற்காமல் போகின்றன. எல்லா வண்டியிலும் குழந்தைகள். கத்திக்கொண்டே போகின்றன. என் மனைவி வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது உள்ளே வந்துவிட்டாள். பென்சிலைத் தேடுகிறாள்.

"இன்னாய்யா, முடிச்சிட்டியா இல்லியா? குடு, பாக்கறேன்."

கொடுக்கப் போகிறேன்.

காணும் பொங்கல், 2009.